பன்னிரண்டு சிவப்புச் சீட்டுகள்

என் டீ டம்ளரைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேசையின் வலது மூலையில் ஒரு வட்டம், அதன் கீழே 'தேநீர் டம்ளர்' என்று ஒரு லேபிள். டம்ளரை வட்டத்துக்கு வெளியே வைத்தால் ஆடிட்டில் அரை மார்க் போகும். ஸ்டேப்ளருக்கு ஒரு கட்டம், கால்குலேட்டருக்கு ஒரு கட்டம், என் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கட்டம். கண்ணாடி என் மூக்கில் இருக்கும்போது அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறதே, அது சரியா தப்பா என்று கேட்டேன். எட்டு மாதம் ஆகிறது, இன்னும் பதில் வரவில்லை.

திருமழிசை எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் வெற்றிச்செல்வன், பர்ச்சேஸ் செக்ஷன். கீழே மெஷின் ஷாப்பில் விரயத்தைக் குறைக்கிற 'லீன்' முறை வந்து மூன்று வருஷமாகிறது. அங்கே அது நன்றாகவே வேலை செய்தது, பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஸ்பேனரைத் தேடிக்கொண்டு அரைமணி அலைவது நின்றது, குப்பை போனது, அடிபடுவது குறைந்தது. அதைப் பார்த்து மனம் குளிர்ந்த முதலாளி, போன சித்திரையில் மாடியில் இருக்கிற ஆபீசும் லீன் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

பரந்தாமன் என்று ஓர் ஆலோசகர் மாதம் இரண்டு சனிக்கிழமை வருவார். விஷயம் தெரிந்த மனிதர். காத்திருப்பது, தேவையில்லாமல் நடப்பது, செய்ததையே திரும்பச் செய்வது என்று வேலையில் ஏழு வகை விரயம் இருக்கிறது என்று அழகாக விளக்கினார். நான்கூட நோட்டில் எழுதிக்கொண்டேன். அதையெல்லாம் கொண்டுபோய் எங்கள் நிர்வாக மேனேஜர் சண்முகசுந்தரத்தின் கையில் கொடுத்தாரே, அங்கேதான் எல்லாம் கெட்டது. சண்முகசுந்தரம் கெட்டவர் இல்லை. எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு ரிஜிஸ்டர் போட்டுவிடுவார், அவ்வளவுதான். ஆபீசில் ஃபாரம் அதிகமாகிவிட்டது, குறைக்க வேண்டும் என்றார் பரந்தாமன். மறுவாரம் 'ஃபாரம் குறைப்பு விண்ணப்ப ஃபாரம்' என்று ஒன்று அச்சடித்து வந்தது. மூன்று காப்பி போட வேண்டும்.

நான் சொல்ல வந்தது என் டம்ளரைப் பற்றி இல்லை, வசந்தகுமாரியைப் பற்றி. ஆனால் இந்தக் கூத்தைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

வசந்தகுமாரி எங்கள் டிஸ்பாட்ச் கிளார்க். பத்தொன்பது வருஷ சர்வீஸ். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டு வளர்ந்த பெண். இன்றைக்கும் காலை எட்டு அம்பத்தஞ்சுக்கு நாற்காலியில் இருப்பார். கல்யாணமாகி வந்தது பாரிவாக்கத்துக்கு. கணவர் கோவிந்தராஜ் பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் வர்ஷா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஆட்டோ ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது, வீடு ஓடுவது இவர் வேலையால்தான்.

லாரி ஒன்று எங்கள் கேட்டைத் தாண்ட மூன்று காகிதம் வேண்டும். இன்வாய்ஸ், ஈ-வே பில், சரக்கின் டெஸ்ட் சர்டிபிகேட். மூன்றையும் போடுகிறவர் வசந்தகுமாரி. லாரி நம்பரில் ஒரு எண் தப்பினாலும் வழியில் மடக்கிவிடுவார்கள் என்பதால், டிரைவர் எழுதித் தருகிற சீட்டை அவர் நம்புவதில்லை. தானே இறங்கிப் போய், லாரிக்கு முன்னால் நின்று நம்பரை வாய்விட்டுப் படிப்பார். எடைமேடைச் சீட்டை வாங்கிக்கொண்டு மாடியேறி வந்து டைப் அடிப்பார். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்குவார், மறுபடி ஏறுவார். இருபத்திரண்டு படி. ஒரு நாளைக்குப் பதினாலு லாரி. அவர் காகிதத்தோடு போன லாரி ஒன்றுகூட வழியில் நின்றதில்லை.

பரந்தாமன் ஆளுக்கு ஒரு நாள் எங்கள் பின்னாலேயே நடந்து, யார் எங்கே போகிறார்கள் என்று ஆபீஸ் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டார். வசந்தகுமாரியின் கோடு கொட்டிவிட்ட சேமியா மாதிரி இருந்தது. ஆனால் அது மாடிப்படிக் கதவோடு நின்றுவிட்டது. சண்முகசுந்தரம் திட்டத்துக்கு எல்லை வகுத்திருந்தார், மாடி மட்டும்தான் ஆபீஸ், படிக்கட்டு ஃபேக்டரிக் கணக்கு என்று. ஆக, அந்தப் பெண்மணி கதவுக்கு வெளியே ஏறி இறங்கியது எந்தப் படத்திலும் வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வசந்தகுமாரி திறந்தார்.

"சார், கீழ எடைமேடை பக்கத்துல எனக்கு ஒரு மேசை போட்டுக் குடுத்தீங்கன்னா, இந்தப் படியே வேணாம் சார்."

"ஆபீஸ் ஸ்டாஃப் கேட்டாண்ட உக்காந்தா நல்லாவாம்மா இருக்கும்?" என்றார் சண்முகசுந்தரம். "உங்களுக்கு ஏசி வேணாமா?"

"ஏசில நான் எங்க சார் உக்காந்தேன்?"

யோசனையை எழுதிக் கொடுக்கச் சொன்னார் சண்முகசுந்தரம். வசந்தகுமாரி எழுதிக் கொடுத்தார். இட மாற்றம் என்பதால் வேறு ஃபாரத்தில் கேட்கச் சொன்னார். அதிலும் கொடுத்தார். மாடியில் ஒவ்வொரு மேசைக்கும் இருக்கிற இட எண் கீழ்த்தளத்தில் ஆபீசுக்குக் கிடையாது என்று திரும்பி வந்தது. இதற்கு மேல் என்ன செய்வது?

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, மழைச் சேற்றில் கால் வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால் முறிந்தது. பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். இஎஸ்ஐ லீவில் வீட்டில் இருந்தார். அவர் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். என் மேசையிலிருந்தே பார்த்தேன். நான் படி இறங்கி நம்பர் பார்க்கவில்லை, அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. டிரைவர் எழுதியதை அப்படியே அடித்தேன். இரண்டு லாரி வழியில் நின்றது, டிரைவர்கள் கேட்டில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தார்கள், எல்லாரிடமும் ஏச்சு வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் சிவப்புச் சீட்டு வாரம் வந்தது.

இது லீனில் ஒரு வழக்கம். முப்பது நாளாக யாரும் தொடாத பொருள் எதுவானாலும் அதில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பொருள் கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கிற சிவப்பு மூலைக்குப் போகும். ஆறு வாரத்தில் யாரும் மீட்காவிட்டால் பழைய சாமான்காரருக்குப் போய்விடும். நல்ல வழக்கம்தான். சண்முகசுந்தரம் அதில் ஒரு கணக்கு வைத்தார், ஆபீசைப் பிரித்திருந்த ஒவ்வொரு ஜோனும் பன்னிரண்டு சீட்டு ஒட்டியே ஆக வேண்டும் என்று. மூன்றாவது ஜோனுக்கு நான் லீடர்.

செத்துப்போன ஃபேக்ஸ் மெஷின், ஓடாத ஃபேன், துருப்பிடித்த பஞ்சிங் மெஷின், காலொடிந்த ஸ்டூல் என்று தேடித் தேடிப் பத்து ஒட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சண்முகசுந்தரம் வந்து நின்றார்.

"ரெண்டு குறையுதே வெற்றி. நாலாவது ஜோன்ல பதினஞ்சு ஒட்டியிருக்காங்க."

"வேண்டாததுன்னு வேற எதுவும் இல்ல சார்."

"நல்லாத் தேடுங்க. திங்கக்கிழமை முதலாளி பாக்குறார்."

தேடினேன். வசந்தகுமாரியின் மேசையும் நாற்காலியும் கண்ணில் பட்டன. அவர் லீவில் போய் முப்பத்தைந்து நாள். முப்பது நாளாகத் தொடாத பொருள். விதிப்படி சரி. அவர் வருவதற்குள் மீட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு இரண்டிலும் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், நான்தான். இந்தக் கதையில் எல்லார்மேலும் எரிந்து விழுகிறேனே, முதலில் என்மேல்தான் விழ வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் மேசை கீழே போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு மணிபிளான்ட் தொட்டி வைத்தார்கள். முன்பு ஒரு போட்டோ, பின்பு ஒரு போட்டோ, 'மிச்சமான இடம் இருபத்து நாலு சதுர அடி' என்று நோட்டீஸ் போர்டில் ஏறியது. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார், போர்டில் என் போட்டோவையும் ஒட்டினார்கள். அதற்கப்புறம் நான் எப்படிப் போய், அது பொய்ச் சீட்டு சார், மேசையை மேலே தூக்குங்கள் என்று சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

வசந்தகுமாரி ஐம்பத்தாறாவது நாள் வந்தார். கணவரின் ஆட்டோவில் வந்து, கைத்தடியை ஊன்றி கேட்டில் இறங்கினார். டாக்டர் மூன்று மாதத்துக்குப் படி ஏறக் கூடாது என்றிருந்தார். அதைப் போனில் சொன்னபோது சண்முகசுந்தரம், "ஏற முடியலன்னா லீவ நீட்டிச்சுக்குங்கம்மா. வேலைக்கு மாத்து ஆள் பாத்துக்கறோம்" என்று சொல்லியிருந்தார். மாற்று ஆள் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மாட்டான் என்பது வசந்தகுமாரிக்குத் தெரியாதா? ஏறித்தான் பார்ப்போம் என்று வந்துவிட்டார்.

நாலு படி ஏறினார். அதற்கு மேல் முடியவில்லை. ஐந்தாவது படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் பார்த்தால் சிவப்பு மூலை தெரியும். ஃபேக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் தன்னுடைய மேசை நிற்பதை அவர் அங்கிருந்துதான் பார்த்திருக்கிறார்.

பத்து நிமிஷம் கழித்து எனக்குப் போன் வந்தது.

"வெற்றி சார், என் கம்ப்யூட்டரக் கொஞ்சம் கீழ குடுத்தனுப்புங்க. எடைமேடை லைன்லயே சொருகிக்கறேன். பிரிண்டரும் இங்கயே கீது."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மேசையில் புடவைத் தலைப்பால் தூசு தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். பத்தடியில் எடைமேடை. சீட்டு ரெண்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்க்காத மாதிரி ஒயரைச் சொருகிக் கொடுத்துவிட்டு மேலே ஓடிவந்தேன்.

அன்றைக்கு முதல் லாரி துலுக்கானத்துடையது. எங்களுக்குப் பல வருஷமாக ஓட்டுகிறவர்.

"இன்னாம்மா, ஆபீசே கீழ எறங்கி வந்துடுச்சா?" என்று அவர் கத்தியது மாடிக்குக் கேட்டது. "கால் எப்டிக்கீது?"

"கால் கீது அண்ணே. வண்டிய மேடைல ஏத்துங்க."

நாற்காலியிலிருந்தபடியே நம்பரை வாய்விட்டுப் படித்தார், எடைச் சீட்டைக் கை நீட்டி வாங்கினார், காகிதம் பதினெட்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. "மெட்ரோ தூண் நடுவுல மாட்டிக்கினு ரெண்டு மணி நேரம், இங்க வந்து ரெண்டு மணி நேரம்னு செத்துக்கினு இருந்தேன்மா. நல்லாருப்ப!" என்று சொல்லிவிட்டு துலுக்கானம் போனார். மூன்று வாரம் இப்படியே நடந்தது. கேட்டில் லாரி நிற்கவே இல்லை. ஏழு வகை விரயத்தில் மூன்று வகை, ஒரு நாற்காலி இடம் மாறியதில் ஒழிந்துபோனது. ஆபீசில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

சண்முகசுந்தரம் கண்ணில் வேறொன்று பட்டது.

"சிவப்பு மூலைல இருக்குற பொருள யூஸ் பண்ணக் கூடாதும்மா. அது ரூல்."

"சரி சார். அப்ப மேசைய மீட்டுக்கறேன்."

"மீட்பு ஃபாரம் குடுங்க. அஞ்சாவது கட்டத்துல பொருள் போற இடத்தோட எண் எழுதணும்."

"இங்கதான் சார். இதே இடம்."

"இந்த இடத்துக்கு எண் இல்லயேம்மா. எண் இல்லாத எடத்துக்குப் பொருள் போக முடியாது."

அதாவது, மீட்டால் மேசை மாடிக்குப் போகும், மீட்காவிட்டால் பழைய சாமானுக்குப் போகும். எப்படிப் போனாலும் வசந்தகுமாரிக்கு வேலை போகும். இதைச் சண்முகசுந்தரம் ஒரு சுண்டுவிரல்கூட அசைக்காமல், மனசில் ஒரு துளி விஷம் இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்கிறவனைத் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். இவரை என்ன செய்வது?

நான் என்ன செய்தேன் என்று கேட்கலாம். ஒன்றும் செய்யவில்லை. நான் சீட்டை எடுத்தால் மேசை மாடிக்குத்தானே போகும், எடுக்காமல் இருப்பதே அவருக்கு உதவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி, போர்டில் இருந்த என் போட்டோ.

ஆறு வாரக் கெடு முடிகிற சனிக்கிழமை வந்தது. மேலே பரந்தாமன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைய பாடம், காத்திருத்தல் என்னும் விரயம். கீழே, பூந்தமல்லியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற ஜாபர் அலி தன் குட்டி யானை வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒப்படைப்புச் சீட்டில் ஜோன் லீடர் கையெழுத்து வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். பேனாவோடு இறங்கினேன். சண்முகசுந்தரம் பட்டியலை வாசித்தார். ஃபேக்ஸ் மெஷின் ஏறியது, ஃபேன் ஏறியது, ஸ்டூல் ஏறியது. அப்புறம் எல்லாரும் நின்றுவிட்டோம்.

"மேடம், லிஸ்ட்ல மேசை ஒண்ணு, நாற்காலி ஒண்ணு போட்டிருக்கு" என்றார் ஜாபர் அலி, பட்டியலையும் வசந்தகுமாரியையும் மாறி மாறிப் பார்த்து. "நீங்க உக்காந்திருக்கீங்களே. நல்ல நாற்காலியாச்சே, இத ஏன் போடறாங்க?"

"இந்த மூணு வண்டி போயிடட்டும் பாய். அப்புறம் எடுத்துக்கங்க."

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மூன்று லாரிக்கும் நம்பர் படித்தார், எடை பார்த்தார், காகிதம் போட்டார். ஜாபர் அலி குட்டி யானையின் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது லாரி கேட்டைத் தாண்டியதும் வசந்தகுமாரி கம்ப்யூட்டரை மூடினார். டிராயரைத் திறந்து, ஒரு மாத்திரைப் பட்டை, ஒரு சீப்பு, வர்ஷாவின் பள்ளிக்கூடப் போட்டோ ஒன்று, மூன்றையும் பையில் போட்டுக்கொண்டார். கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எடுத்துக்கங்க பாய்."

"எங்கம்மா போறீங்க?" என்றார் சண்முகசுந்தரம்.

"மேல சார். என் எடம் மேலதானே?"

முதல் படியில் இடது காலை வைத்தார், வலது காலைக் கூட இழுத்துக்கொண்டார். இரண்டாவது படி. மூன்றாவது படியில் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றினார். நாலாவதில் முகம் வெளுத்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக ஓடி ஏறிய படி. இன்னும் பதினெட்டு இருந்தது.

"வெற்றி, கையெழுத்துப் போடுங்க, பாய் காத்துகிட்டிருக்கார்" என்றார் சண்முகசுந்தரம்.

நான் அந்த ஒப்படைப்புச் சீட்டில் மேசை, நாற்காலி என்றிருந்த ரெண்டு வரியையும் குறுக்கே அடித்தேன். மேசையிலிருந்த சிவப்புச் சீட்டைப் பிய்த்தேன். நாற்காலியில் இருந்ததையும் பிய்த்தேன். பசை நன்றாக ஒட்டியிருந்தது, பாதிதான் வந்தது.

"வெற்றி! அது உங்க ஜோனோட பதினொண்ணாவது, பன்னெண்டாவது சீட்டு! ஸ்கோர் போயிடும்!"

"போகட்டும் சார்!" என்று கத்திவிட்டேன். "பொய்ச் சீட்டு சார் அது. ரெண்டு குறையுதுன்னு நீங்க வந்து நின்னீங்க, நான் லீவுல இருந்த பொம்பளயோட நாற்காலில ஒட்டினேன். அவங்க கால் ஒடிஞ்சு கெடந்தாங்க சார். அந்தப் போட்டோ, அந்த இருபத்து நாலு சதுர அடி, எல்லாம் பொய்!"

நான் படிக்குப் போனேன். வசந்தகுமாரி நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"நான்தான் மேடம் ஒட்டினேன்" என்றேன்.

"தெரியும் சார். சீட்டுல உங்க கையெழுத்து இருக்கே. மூணு வாரமா அதப் பாத்துகினுதானே டைப் அடிச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சத்தம் கேட்டு வகுப்பை விட்டுவிட்டு பரந்தாமன் இறங்கி வந்தார். என்ன ஏது என்று கேட்டார். நான் ஒன்றும் விளக்கவில்லை, விளக்குகிற நிலையில் இல்லை. செக்யூரிட்டி ரிஜிஸ்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். லாரி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் எல்லாம் அதில் இருக்கும். அவர் ஆவணியைப் பார்த்தார், பிறகு புரட்டாசியைப் பார்த்தார். ரெண்டு மணி பத்து நிமிஷம், ரெண்டே கால் மணி என்று ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று பதினெட்டு நிமிஷம், இருபது நிமிஷம் என்று ஆகியிருந்தது. விரலை வைத்து வரி வரியாக மறுபடி பார்த்தார். பிறகு வசந்தகுமாரிக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு மாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"என் கோடு அந்தக் கதவோட நின்னுடுச்சும்மா" என்றார். "எல்லை அதுதான்னு சொன்னாங்க, நானும் நிறுத்திட்டேன். தப்பு என்னுது. எறங்கி வந்து பாத்திருக்கணும்."

"இப்பவாவது வந்தீங்களே சார்."

"உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்க."

"மேசைக்கு ஒரு எண் வேணும் சார். எண் இல்லாததாலதான் இவ்வளவும்."

நான் மாடிக்கு ஓடினேன். சுவரில் மாட்டியிருந்த இட எண் சார்ட்டை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். அதன் அடியில், காலியாக இருந்த இடத்தில், மார்க்கரால் 'கீழ்த்தளம், டிஸ்பாட்ச் மேசை, எண் ஒன்று' என்று எழுதினேன்.

"லேமினேட் பண்ணின சார்ட்டுங்க அது!" என்று பதறினார் சண்முகசுந்தரம். "அதுல கையால எழுதக் கூடாது!"

பரந்தாமன் மார்க்கரை வாங்கி, அதற்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஜாபர் அலி இறங்கி வந்து, நாற்காலியை எடுத்து மேசைக்குப் பின்னால் சரியாகப் போட்டார்.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். மறுமாதப் போர்டில் பெரிய போட்டோ வந்தது. 'டிஸ்பாட்ச் மேசை இடமாற்றம், லாரி காத்திருப்பு ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது, யோசனை: நிர்வாகப் பிரிவுக் குழு'. போட்டோவில் சண்முகசுந்தரம் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கிறார். வசந்தகுமாரி அதில் இல்லை, அந்த நேரம் லாரி நம்பர் பார்க்கப் போயிருந்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போர்டைக் கழற்றி எறிந்திருப்பேன். வசந்தகுமாரியிடம் போய்க் குதித்தேன்.

"யார் பேர் வேணா போட்டுக்கட்டும் சார்" என்றார், டைப் அடிப்பதை நிறுத்தாமல். "படி ஏற வேணாம்னு ஆனது எனக்குத்தானே?"

என் ஸ்கோர் போனது போனதுதான். ரெண்டு சீட்டு ரத்தானதால் மூன்றாவது ஜோன் கடைசிக்குப் போனது. சண்முகசுந்தரம் வாராவாரம் வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பார்.

"ரெண்டு குறையுதே வெற்றி."

கார்த்திகை பிறந்தது, கேட்டெல்லாம் மழைத்தண்ணீர் நின்றது, அவர் விடவில்லை. மார்கழியிலும் விடவில்லை. தை பிறந்து முதல் வாரம், அந்த மனிதரின் தொல்லை பொறுக்காமல் கீழே இறங்கிப் போய், எடைமேடைக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டே புலம்பினேன். ஒட்டுவதற்கு ஒரு பொருள் இல்லை மேடம், என் மண்டையில்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றேன்.

வசந்தகுமாரி காகிதத்தை டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். கைத்தடி இல்லாமல்தான் வந்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் நடக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை. கடைசி டிராயரை இழுத்து, கணுக்காலுக்குப் போடுகிற பட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மேசைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த கைத்தடியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டையும் முப்பது நாளா தொடல சார்" என்றார். "இதுல ஒட்டிக்கங்க."

நான் மேலே போய் ரெண்டு சிவப்புச் சீட்டு எடுத்துக்கொண்டு வந்து, அவர் முன்னாலேயே ஒட்டி, கையெழுத்துப் போட்டேன்.